கேள்வி-பதில்: சூரியனுக்குப் போகாத ஆதித்யா

போன இதழில் ‘விண்வெளி வானிலை’ என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை எழுதிவிட்டேன். அப்படியெல்லாம் ஒன்று உண்டா என்று ஆரம்பித்து, சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா-எல்1 விண்கலம், ராக்கெட், வாட்ஸ்அப் வதந்தி என்று கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. அதனால் இந்த வாரம் சினிமா, அரசியல் கேள்விகளுக்கு லீவு.

சூரியனுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறதே ஆதித்யா, உருகிவிடாதா? (வாசகி, விருதுநகர்)

பக்கத்திலா? உங்களைச் சொல்லிக் குற்றமில்லை, ஏவிய அன்றைக்குப் பாதி டிவி சேனல்கள் ‘சூரியனை நோக்கிப் பாய்ந்தது’ என்றுதான் அலறின. பூமிக்கும் சூரியனுக்கும் நடுவில் சுமார் 15 கோடி கிலோமீட்டர். அதில் ஆதித்யா போயிருப்பது 15 லட்சம். நூறு மீட்டர் ஓட்டப்பந்தயம் என்று வைத்துக்கொண்டால், கோட்டிலிருந்து ஒரே ஒரு மீட்டர் முன்னால் போய் நிற்கிறது, அவ்வளவுதான். அங்கே வெயில் பூமிக்குப் பக்கத்தில் அடிப்பதைவிட இரண்டு சதவீதம் கூடுதலாக இருந்தால் பெரிய விஷயம்.

அப்புறம் ஏன் அந்த இடம் என்றால், அது ஒரு தோதான இடம். சூரியன் இழுக்கிற இழுப்பும் பூமி இழுக்கிற இழுப்பும் சேர்ந்து, அங்கே நிறுத்தப்படும் பொருள் பூமியோடு கூடவே வருஷத்துக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றும்படி பார்த்துக்கொள்கின்றன. அந்தப் புள்ளிக்குத்தான் எல்1 என்று பெயர், ‘எல்’ என்பது லாக்ராஞ்ச் என்ற கணித மேதையின் முதல் எழுத்து. பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள் என்றால் அடிக்கடி பூமியின் நிழலுக்குள் போய் வரும். இங்கே இரவும் இல்லை, கிரகணமும் இல்லை, 24 மணி நேரமும் சூரிய தரிசனம். ஆனால் சரியாக அந்தப் புள்ளி மேலேயே ஆதித்யா உட்காரவில்லை, அதைச் சுற்றி 178 நாளுக்கு ஒரு முறை பெரிய வட்டம் அடிக்கிறது. நேர்கோட்டில் நின்றால் இங்கிருந்து பார்க்கும் ஆன்டெனாவுக்கு அதன் பின்னாலேயே சூரியன் தெரியும், சூரியன் கிளப்பும் ரேடியோ இரைச்சலில் இதன் குரல் காதில் விழாது. கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர் முன்னால் நின்றுகொண்டு போன் பேசிப் பாருங்கள், புரியும்.

நிஜமாகவே பக்கத்தில் போனது நாசாவின் பார்க்கர் விண்கலம். 2024 டிசம்பர் 24 அன்று சூரியனின் மேற்பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் வரைக்கும் போய்விட்டு வந்தது, முன்னால் ஒரு கார்பன் கவசத்தைக் கேடயம்போலப் பிடித்துக்கொண்டு. உருகிவிடாதா என்று அதைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

காற்றே இல்லாத இடத்தில் என்ன வானிலை? மழை பெய்யுமா? (வாசகர், கரூர்)

கிண்டலாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அங்கே வீசுவது நம் காற்று இல்லை, சூரியக் காற்று. எலக்ட்ரான், புரோட்டான் என்று மின்னேற்றம் உள்ள துகள்கள் சூரியனிலிருந்து எல்லாப் பக்கமும் ஓயாமல் கொட்டிக்கொண்டே இருக்கின்றன, சாதாரண நாளிலேயே விநாடிக்கு 400 கிலோமீட்டர் வேகம். நல்லவேளையாக பூமிக்குக் காந்தப்புலம் என்று ஒரு குடை இருக்கிறது, பெரும்பகுதி அதில் பட்டு ஒதுங்கிப் போய்விடும்.

சில நாள் சூரியனின் வெளி மண்டலத்திலிருந்து கோடிக்கணக்கான டன் பொருள், தன் காந்தப்புலத்தையும் சுருட்டி எடுத்துக்கொண்டு, ஒரே வீச்சில் பிய்த்துக்கொண்டு கிளம்பும். அது பூமி இருக்கும் திசையில் வந்து குடையில் மோதினால் வருவது புவிகாந்தப் புயல். நம் ஊர்ப் புயல் மாதிரியே இதற்கும் உருவாகும் இடம், வேகம், கரையைக் கடக்கும் நேரம் எல்லாம் உண்டு.

இதுவரை ஒழுங்காகப் பதிவானதில் பெரியது 1859இல் வந்தது. செப்டம்பர் 1ஆம் தேதி ரிச்சர்ட் காரிங்டன் என்ற ஆங்கிலேயர் தொலைநோக்கி மூலம் சூரியனின் பிம்பத்தைத் திரையில் விழவைத்து, கரும்புள்ளிகளைப் படமாக வரைந்துகொண்டிருந்தார். திடீரென்று அந்தப் புள்ளிகளுக்கு மேலே கண்ணைப் பறிக்கிற வெள்ளை வெளிச்சம். சாட்சிக்கு ஆள் கூப்பிட ஓடிப் போய்த் திரும்புவதற்குள் மங்கிவிட்டது, மொத்தமே ஐந்து நிமிஷம்தான். பதினேழரை மணி நேரம் கழித்து பூமியில் ரகளை ஆரம்பித்தது. தந்திக் கம்பிகளில் தானாகவே மின்சாரம் ஓட, அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் போர்ட்லண்டுக்கும் நடுவே இருந்த தந்தி ஊழியர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, வானத்திலிருந்து வந்த கரன்ட்டிலேயே சுமார் இரண்டு மணி நேரம் தந்தி அடித்தார்கள்.

நம் ஊர் ஆட்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது விட்டுவிடுகிற பாதி ஒன்று உண்டு. அன்றைக்கு மும்பையில் கொலாபா ஆய்வகத்தில், பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானி ஓடிக்கொண்டிருந்தது. காந்தப்புலத்தின் அலகான நானோடெஸ்லாவில் சொன்னால், அதில் பதிவான சரிவு சுமார் 1,600. அந்தப் புயல் எவ்வளவு பெரியது என்று இன்றைக்கும் விஞ்ஞானிகள் கணக்குப் போட நம்பிப் பிடித்துக்கொள்ளும் தாள் இந்தியாவில் எழுதப்பட்டது. பிற்பாடு மும்பையில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும் அது காந்தமானியைக் குழப்பும் என்று 1904இல் ஆய்வகத்தை அலிபாகுக்கு மாற்றினார்கள். அந்த அளவுக்கு நுணுக்கமான வேலை.

புயல் பூமியைத் தாக்கிய தேதி செப்டம்பர் 2. ஆதித்யா ஏவப்பட்டதும் 2023 செப்டம்பர் 2. தேதி தற்செயலாக அமைந்ததுதான், எண் ஜோதிடக்காரர்கள் யாரும் கிளம்பி வந்துவிட வேண்டாம்.

‘இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமியைக் கடக்கும், போனை அணைத்துத் தூர வையுங்கள், நாசா சொல்கிறது’ என்று மறுபடியும் மெசேஜ் வந்திருக்கிறது. உண்மையா? (வாசகி, பட்டுக்கோட்டை)

பொய். எத்தனையோ வருஷமாகச் சுற்றுகிற மெசேஜ், நேரத்தைக்கூட மாற்றாமல் அனுப்புகிறார்கள். காஸ்மிக் கதிர்கள் டைம்டேபிள் போட்டுக்கொண்டு வருவதில்லை, நீங்கள் இதைப் படிக்கும் இந்த நிமிஷமும் உங்களைத் துளைத்துக்கொண்டுதான் போகின்றன. சூரியப் புயல் வந்தால்கூட உங்கள் கையில் இருக்கும் போனுக்கு ஒன்றும் ஆகாது. பாதிப்பு வருவது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குப் போகும் மின்கம்பிகளுக்கு, செயற்கைக்கோளுக்கு, ஜி.பி.எஸ்.ஸுக்கு, விமானங்கள் பயன்படுத்தும் சிற்றலை ரேடியோவுக்கு. ராத்திரி 12.30க்குப் போனை அணைப்பது நல்ல பழக்கம்தான், காரணம் வேறு.

சந்திரயான்-3 பதினாறு நிமிஷத்தில் ராக்கெட்டை விட்டுப் பிரிந்தது. ஆதித்யா பிரிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. டிவி முன்னால் உட்கார்ந்து பயந்தே போனோம். ஏதாவது கோளாறா? (வாசகர், திண்டுக்கல்)

கோளாறு இல்லை, திட்டமே அதுதான். சந்திரயானை ஏற்றிப் போனது எல்.வி.எம்.3, பெரிய ராக்கெட். இதை ஏற்றியது நம் பழைய நண்பர் பி.எஸ்.எல்.வி. அதற்கு அது 59ஆவது பயணம், சி57 என்று பெயர். 44 மீட்டர் உயரம், 320 டன் எடை, உச்சியில் ஆதித்யா சுமார் 1,480 கிலோ.

அன்றைக்கு நான் பழவேற்காடு கரையில் நின்றேன். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தின் பார்வையாளர் கேலரிக்குப் பதிவு செய்ய மறந்துவிட்டு அங்கே போனவன் நான். பகல் 11.50க்கு வடக்கே ஒரு பொறி, அதன் கீழே புகை நூலாக நீண்டது, கைதட்டல், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரே சத்தம். பக்கத்தில் ஒரு பெரியவர், “ஏம்ப்பா, சத்தமே காணோம்?” என்றார். ஏவுதளம் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஒலி நடந்துதானே வரவேண்டும். எல்லாரும் கைதட்டி முடித்து, ராக்கெட் மேகத்துக்குள் போய் மறைந்து, சிலர் வண்டியைக்கூடக் கிளப்பிவிட்ட பிறகு, ஒன்றரை நிமிஷம் தாண்டி, தூரத்து இடி மாதிரி ஒரு உறுமல் தண்ணீர் மேலே உருண்டு வந்தது. அந்த உறுமல் எங்களை எட்டும் நேரத்துக்கு, தரையிலேயே பற்றவைத்த நான்கு பக்கவாட்டு பூஸ்டர்களும் ஆகாயத்தில் பற்றிக்கொண்ட மற்ற இரண்டும் எரிந்து முடிந்து கழன்றிருக்கும், முதல் அடுக்கே கழன்று விழும் தறுவாய். அதாவது நாங்கள் கேட்டது ஏற்கெனவே முடிந்துபோன ஒரு விஷயம்.

ஒரு மணி நேரத்துக்கான காரணம் நான்காவது அடுக்கு. அதை ஒரு தடவை எரித்து, அணைத்து, எஞ்சின் சத்தமில்லாமல் பூமியைச் சுற்றி மிதக்கவிட்டு, சரியான இடத்துக்கு வந்ததும் மறுபடி பற்றவைத்தார்கள். ஆதித்யாவுக்குத் தேவைப்பட்டது ஒரு பக்கம் 235 கிலோமீட்டர், மறுபக்கம் 19,500 கிலோமீட்டர் என்று நீண்ட முட்டை வடிவப் பாதை. பாதை நீளமாக இருந்தால் மட்டும் போதாது, அந்த முட்டை எந்தத் திசையைப் பார்த்துப் படுத்திருக்க வேண்டும் என்பதும் முக்கியம். அதற்காகத்தான் அந்தக் காத்திருப்பு. 63 நிமிஷம் கழித்துப் பிரிந்தது. நடுவில் வர்ணனையாளர்கள் ‘பெர்ஃபாமன்ஸ் நார்மல்’ என்பதைத் தவிர ஒன்றும் சொல்லாததால் உங்களுக்குப் பயமாக இருந்திருக்கும். அவர்கள் ஊரில் அதுதான் கைதட்டல்.

கவுன்ட் டவுன் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் பல ஏவுதல்களுக்கு எண்ணிக்கை சொல்லி நமக்குப் பழகிய குரல், வளர்மதி அம்மாவுடையது. அதே செப்டம்பர் தொடக்கத்தில்தான் சென்னையில் மாரடைப்பால் காலமானார்.

ராக்கெட் விட்டது செப்டம்பரில், போய்ச் சேர்ந்தது ஜனவரியில். ஏன் இத்தனை மாதம்? (பள்ளி மாணவி, நாகர்கோவில்)

ஊஞ்சல் ஆடியிருக்கிறாயா? ஒரே தள்ளில் உச்சிக்குப் போக முடியாது, ஒவ்வொரு தடவை கீழே வரும்போதும் ஒரு உந்து உந்தினால் உயரம் கூடிக்கொண்டே போகும். ஆதித்யாவும் பூமிக்குப் பக்கத்தில் வரும் நேரமாகப் பார்த்துத் தன் எஞ்சினைக் கொஞ்சம் எரித்து, செப்டம்பர் 3, 5, 10, 15 என்று நான்கு தடவை பாதையை நீட்டிக்கொண்டது. 19ஆம் தேதி ஐந்தாவது உந்தில் பூமியின் பிடியை விட்டது. அதற்கப்புறம் 110 நாள் பயணம். 2024 ஜனவரி 6 அன்று எல்1 வட்டப் பாதையில் நுழைந்தது. பெரிய ராக்கெட் இருந்தால் சீக்கிரம் போகலாம். பொறுமை இருந்தால் சின்ன ராக்கெட்டிலேயே போகலாம்.

புயல் வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்து என்ன பிரயோஜனம்? சூரியனைப் பிடித்து நிறுத்தவா முடியும்? (வாசகர், சேலம்)

புயல் வருகிறது என்று கடலூரில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதும் புயலை நிறுத்தவா? படகைக் கரையேற்றத்தானே.

1989 மார்ச் 13 விடியற்காலை கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்ததைப் பாருங்கள். சூரியப் புயல் கிளப்பிய மின்னோட்டம் நீளமான மின்தொடர்களில் புகுந்து, தொண்ணூறு விநாடிக்குள் மொத்த மின்கட்டமைப்பும் படுத்துவிட்டது. அறுபது லட்சம் பேர், ஒன்பது மணி நேரம், கடும் குளிரில். முன்னமே தெரிந்தால் சுமையைக் குறைக்கலாம், ஆபத்தான தொடர்களைப் பிரித்து வைக்கலாம். 2022 பிப்ரவரியில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை ஏவியது. ஏவிய கையோடு சுமாரான ஒரு காந்தப் புயல், அதிலேயே மேல் வளிமண்டலம் சூடாகி உப்பியதால் உரசல் கூடி, 38 கோள்கள் உயரம் ஏற முடியாமல் விழுந்து எரிந்தன. பெரிய புயல்கூட இல்லை அது.

இப்போது எல்1 ஏன் தோதான இடம் என்று இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். விநாடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று அங்கிருந்து பூமிக்கு வர ஒரு மணி நேரம் ஆகும். ஆதித்யா அனுப்பும் ரேடியோ சேதி வர ஐந்து விநாடி. அந்த வித்தியாசம்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். புயல் 2,000 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அது பன்னிரண்டரை நிமிஷமாகச் சுருங்கிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சூரியனில் வெடித்ததுமே தொலைநோக்கியில் தெரிந்துவிடுமே, ஒன்றிரண்டு நாள் அவகாசம் இருக்குமே என்று கேட்கலாம். தெரியும். ஆனால் எது ஆபத்து, எது வெத்துவேட்டு என்பது அப்போது தெரியாது. வரும் புயலின் காந்தப்புலம் வடக்கு நோக்கி இருந்தால் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். தெற்கு நோக்கி இருந்தால் பூமியின் புலத்தோடு கோத்துக்கொண்டு கதவைத் திறந்துவிடும். அது எந்தப் பக்கம் என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல, வழியில் ஒரு ஆள் நிற்க வேண்டும். ஆதித்யாவின் ஏழு கருவிகளில் ஒன்று அதற்கான காந்தமானி. விண்கலத்தில் இருக்கும் மின்கருவிகளின் காந்தம் அதைக் குழப்பக் கூடாது என்பதற்காக ஆறு மீட்டர் நீளக் கை ஒன்றில் மாட்டியிருக்கிறார்கள், 2024 ஜனவரி 11 அன்று அந்தக் கையை நீட்டினார்கள். கொலாபாவில் டிராமுக்குப் பயந்து ஊர் மாறினார்களே, அதே கவலைதான்.

2024 மே 10, 11இல் இருபது வருஷத்தில் காணாத பெரிய புயல் வந்தபோது ஆதித்யா வேலையில் இருந்தது. நம் பக்கம் லடாக்கின் ஹான்லே ஆய்வகக் கேமராக்களில்கூட வானம் சிவந்து தெரிந்தது. அமெரிக்காவில் ஜி.பி.எஸ். வைத்து விதை போடும் டிராக்டர்கள் கோடு மாறின. விவசாயிக்கு விண்வெளி வானிலை எதற்கு என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கரோனா, கரோனா என்கிறார்களே, சூரியனுக்குமா? (வாசகர், ஈரோடு)

சூரியனுக்குத்தான் முதலில். மகுடம் என்று அர்த்தம், சூரியனின் வெளி மண்டலத்துக்கு அந்தப் பெயர். கிருமிக்குப் பெயர் பின்னால் வந்தது.

அமெரிக்கா ஏற்கெனவே செயற்கைக்கோள் வைத்திருக்கும்போது நாம் இத்தனை கோடி செலவழிப்பது வீண் அல்லவா? (வாசகர், மதுரை)

2019இல் இதற்கு ஒதுக்கியது 378 கோடி ரூபாய் சொச்சம், ஏவுதல் செலவு நீங்கலாக. எல்1இல் சோஹோ, ஏஸ், டிஸ்கவர் என்ற விண்கலங்கள் ஏற்கெனவே போய் நின்றது உண்மை, எச்சரிக்கை கொடுப்பதற்கென்றே 2015இல் போனது டிஸ்கவர். ஆதித்யா முதலில் ஆராய்ச்சிக்கலம், அப்புறம்தான் காவல்காரன். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் செய்த வி.இ.எல்.சி. என்ற கருவி, சூரியத் தட்டை மறைத்துச் செயற்கையாகக் கிரகணம் உண்டாக்கி, விளிம்பை ஒட்டிய கரோனாவைப் பார்க்கிறது. நிமிஷத்துக்கு ஒரு படம், ஒரு நாளைக்கு 1,440 என்று திட்டம். புனேயில் செய்த சூட் தொலைநோக்கி, புற ஊதாக் கதிரில் முழுச் சூரியனையும் படம் பிடிக்கிறது. ஒரே கலத்தில் தூரத்துப் பார்வையும் இருக்கிறது, தன்மேல் வந்து மோதும் காற்றை அளக்கும் கருவியும் இருக்கிறது.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. 2008இல் யோசனை வந்தபோது 400 கிலோவில் ஒரே கருவியோடு, பூமிக்குப் பக்கத்திலேயே சுற்றும் கோளாகத்தான் திட்டமிட்டார்கள். அப்புறம் பெரிதாக்கி எல்1க்கு மாற்றியது நல்ல முடிவு, ஆனால் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. சூரியன் பதினோரு வருஷத்துக்கு ஒரு முறை கொந்தளிக்கும். ஒரு கொந்தளிப்பை முழுசாகத் தவறவிட்டுத்தான் இதைப் பிடித்திருக்கிறோம்.

ஆதித்யாவில் தமிழ்நாட்டுக்கு என்ன பங்கு? (வாசகர், தென்காசி)

ஏவியபோது திட்ட இயக்குநராக இருந்தவர் உங்கள் மாவட்டத்துக்காரர்தான், செங்கோட்டை நிகர் ஷாஜி. தெரிந்துகொண்டேதான் கேட்கிறீர்கள் என்று சந்தேகம்.

ஊர்ப்பாசத்தைத் தாண்டியும் ஒன்று சொல்ல இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் வந்தது. ஏரியில் படகு விட்டு, ஹோம்மேட் சாக்லேட் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோமே, அந்த மலையில்தான் நூறு வருஷத்துக்கு மேலாக சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். கரும்புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்ததும் அங்கேதான்.

இன்னொன்று, பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடி வழியாகப் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகலில் ஒரு மின்னோட்டம் ஆறு மாதிரி ஓடும். அதைப் படிக்கத்தான் திருவனந்தபுரம் பக்கம் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள், 1963 நவம்பர் 21 மாலை முதல் ராக்கெட் கிளம்பி மேலே சோடியம் ஆவியை விட்டது. அந்தி வானத்தில் ஆரஞ்சு மேகம் ஒன்று தோன்றியதை கன்னியாகுமரிப் பக்கத்துத் தாத்தா பாட்டிகளிடம் கேட்டால் இன்னும் சிலர் சொல்லக்கூடும். சைக்கிளில் ராக்கெட் பாகம் கொண்டுபோன படத்தைத்தான் எல்லாரும் பகிர்கிறார்கள். அந்த ராக்கெட் எதற்குப் போனது என்று யாரும் கேட்பதில்லை. மேல் வளிமண்டலத்தைப் பார்க்கப் போனது, இந்த வானிலைச் சங்கதியில் பாதி அங்கேதான் நடக்கிறது. நாம் ராக்கெட் விடத் தொடங்கியதே இதற்காகத்தான் என்று நான் சொன்னால் சண்டைக்கு வருவீர்களா?

அடுத்த ஆதித்யா குலசேகரப்பட்டினத்திலிருந்து போகுமா? (வாசகர், திருச்செந்தூர்)

போகாது. அது எஸ்.எஸ்.எல்.வி. என்ற சின்ன ராக்கெட்டுக்கான தளம். இலங்கையைச் சுற்றி வளைக்காமல் நேராகத் தெற்கே விடலாம் என்பதுதான் அதன் சௌகரியம்.

ஐந்து வருஷம்தான் ஆயுள் என்கிறார்கள். அதற்கப்புறம்? (வாசகி, புதுச்சேரி)

எல்1 வட்டப்பாதை மலை உச்சியில் வைத்த கோலி மாதிரி, விட்டால் உருண்டுவிடும். அவ்வப்போது எஞ்சினால் லேசாகத் தட்டிக்கொடுத்துத்தான் நிற்கவைக்கிறார்கள். எரிபொருள் தீர்ந்தால் பாதை விலகி, சூரியனைத் தனியாகச் சுற்றப் போய்விடும்.

ஆனால் ஐந்து என்று எழுதியிருப்பதைப் பார்த்து ரொம்ப வருத்தப்படாதீர்கள். சோஹோவை 1995 டிசம்பரில் இரண்டு வருஷத்துக்கு என்றுதான் அனுப்பினார்கள். 1998 ஜூனில் அது தடுமாறி, தொடர்பே அறுந்துபோனது. போய்விட்டது என்று நினைத்த நேரத்தில் பூமியிலிருந்த அரசிபோ என்ற பெரிய ரேடார் அது மெதுவாகச் சுழன்றுகொண்டிருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னது. தொட்டிக்குள் எரிபொருள் உறைந்து கல்லாகிக் கிடக்க, அதைப் பல நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி உருகவைத்து எழுப்பினார்கள். முப்பது வருஷம் ஆகியும் படம் அனுப்பிக்கொண்டிருந்தது.